மனைவியை வெறுக்க நாற்பது நாள்

என் கணவர் என்னை வெறுக்க வேண்டும் என்று சீட்டு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. நேரத்தை இப்படிச் சொல்வது என் தொழில் புத்தி. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிறவள் நான். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம். எனக்குத் தெரிந்த இலக்கியம் இவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. வேறு எந்தச் சபையிலும் இப்படி ஒரு கூத்து நடப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. சபையை நிர்வகிக்கும் மூப்பராக விரும்புகிறவர், பாஸ்டர் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டுகளில் இருப்பதெல்லாம் வேதாகமத்தின் கடினமான வசனங்கள். வாசிக்கிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வசனத்துக்கு நழுவுவாரே, அந்த ரகம். கையில் வந்த வசனத்துக்கு நாற்பது நாள் கீழ்ப்படிந்து நடந்துவிட்டு, சபைக்கு முன் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பதவி.

போன வருடம் பல் டாக்டருக்கு அழுகையும் பற்கடிப்பும் உண்டாகும் என்ற வசனம் விழுந்தது. மனிதர் அதைத் தொழிலுக்குக் கிடைத்த ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். தையல்காரருக்கு ஊசியின் காதில் ஒட்டகம் நுழைகிற வசனம் வந்தது. ஊசி கைவசம் இருந்ததால் நாற்பது நாளும் ஒட்டகம் தேடி அலைந்தார். இடறல் உண்டாக்கும் கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்லும் சீட்டு முன்பு டப்பாவில் இருந்ததாம். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எடுத்த வருடத்தோடு அதை நீக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பாஸ்டர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

என் கணவர் எடுத்த சீட்டில், தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், போதாக்குறைக்குத் தன் உயிர், எல்லாவற்றையும் வெறுக்காதவன் சீடனாக இருக்க முடியாது என்று இருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒரு சிரிப்போடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவர் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க ஆய்வாளர். இருபத்தெட்டு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளைப் பார்க்கிறவர். சோதிக்காத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு கிலோ என்றால் அவருக்கு ஒரு கிலோதான்; வெறு என்றால் வெறுதான்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கிவிட்டார். அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் எங்களுக்கு இல்லை; இரண்டு இனம் தானாகவே கழிந்தன. அண்ணனை வெறுக்கும் வேலை வீட்டைப் பாகம் பிரித்தபோதே முடிந்திருந்தது. தன் உயிருக்கு, சர்க்கரை வியாதிக்காக இனிப்பை நிறுத்தியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்றிலிருந்து நாற்பது நாளைக்கு உன்னை வெறுக்கப் போகிறேன், தவறாக நினைக்காதே என்று மரியாதையாகத் தெரிவித்தார். என் மாமியார், நாற்பது நாள்தானே, பரவாயில்லை, பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிக்கொண்டு வா என்றார். இவரும் வாங்கிக்கொண்டு போனார்.

மிச்சம் நான் ஒருத்திதான்.

முதல் வாரம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வெறுப்பதற்குக் காரணம் வேண்டும் அல்லவா? ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு என் குறைகளை எழுத உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் ஒன்றுதான் தேறியது: குழாயைச் சரியாக மூடுவதில்லை. மருந்துக் கடையில் வேலை செய்யும் என் தங்கையைக் கூப்பிட்டு உதவி கேட்டார். அந்தப் புண்ணியவதி மூச்சு விடாமல் பதினொரு குறைகளை அடுக்கினாள். இவர் ஒவ்வொன்றையும் விசாரித்து, ஒன்பதை ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார். ஏற்றுக்கொண்ட இரண்டிலும் ஒன்று அந்தக் குழாய். தங்கையிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை.

இரண்டாவது வாரம் சிரிப்பு போய்விட்டது. அலுவலகத்திலிருந்து வந்ததும் கண்ணாடி முன் நின்று முறைத்துப் பழகினார். பிறகு சமையலறை வாசலில் வந்து என்னை முறைத்தார். பொய்யாக முறைத்தாலும் முறைப்பு முறைப்புதானே. சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இந்த மனிதர் எதை எடுத்தாலும் முடிக்காமல் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இதையும் முடித்துவிட்டால் என் கதி என்ன? நேராகப் பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். கடினமான கேஸ் எல்லாம் நான் அணியக்காவுக்குத்தான் அனுப்புவேன் என்று அவர் ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்துக் கை கழுவினார்.

அணியக்கா சலவைக் கடைக்கு மேல் மாடியில் மேடைப் பேச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறவர். கீழே நீராவி இஸ்திரி போடும்போதெல்லாம் மேலே தரை சுடும். மாணவர்கள், பெரும்பாலும் காப்பீட்டு ஏஜெண்டுகள், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே மரணத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிப் பழகுவார்கள். ஈராயிரம் வருடத்துக்கு முன்பு நீதிமன்றங்களிலும் சந்தைகளிலும் பேசிப் பிழைத்தவர்கள் எழுதி வைத்த விதிகள் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். வேதமும் அந்தக் காலத்து மனிதர்களிடம் பேசப்பட்டதுதான், ஆகையால் அந்தக் காலத்துப் பேச்சுக்கலையை வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சுவரில் அணிகளின் பெயர்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இத்தனை பெயரில் ஒன்றாவது என் பக்கம் பேசாதா?

என் கணவரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அக்கா முதலில் நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னார்: யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நேரத்தில், எதற்காக. திரளாகப் பின்னால் வந்த கூட்டத்தை, விளையாட்டுக்கு வருகிறீர்களா, முழு மனதோடு வருகிறீர்களா என்று ஆண்டவர் நிறுத்திக் கேட்ட பேச்சு அது என்று விளக்கினார். இவர் அதைக் குறித்துக்கொண்டு, அப்படியானால் முழு மனதோடு வெறுக்க வேண்டும் என்று ஆகிறதே என்றார்.

அக்கா அடுத்த ஆயுதத்தை எடுத்தார். தாயையும் தகப்பனையும் மதிக்கச் சொல்லும் கட்டளையும் அதே வேதத்தில் இருக்கிறது. இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று மோதினால் எழுத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது, சொன்னவரின் கருத்தைப் பார்க்க வேண்டும் என்பது பழைய வக்கீல்களின் விதி. என் கணவர் ஆறுதலாகத் தலையை ஆட்டினார். எங்கள் துறையிலும் இது அடிக்கடி நடக்கும், பின்னால் வந்த சுற்றறிக்கைதான் செல்லும், வெறுக்கச் சொன்னதுதானே பின்னால் வந்தது என்றார்.

காப்பீட்டு ஏஜெண்டுகள் பயிற்சியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

"இங்க பாருங்க, இது மிகைப்படுத்திச் சொல்றது. உயர்வு நவிற்சி. பசியில உயிரே போயிடுச்சுன்னு சொல்றோம். போயிடுதா?"

"யாருக்குப் போச்சு?" என்று கவலையோடு கேட்டார் என் கணவர்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் அக்கா விடவில்லை. அந்தக் காலத்துப் பேச்சில் ஒன்றை அதிகம் நேசிக்கச் சொல்ல வேண்டுமானால், மற்றதை வெறு என்று சொல்லிவிடுவார்கள். கேட்கிறவனுக்கு அது அடுத்ததாக நேசி என்றுதான் கேட்கும் என்று எடுத்துக்காட்டுகளோடு நிறுவினார். வெறுக்க வேண்டாம், கடவுளை விடக் கொஞ்சம் குறைவாக நேசித்தால் போதும். இவர் நெடுநேரம் யோசித்தார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எனக்கும் உயிர் வந்தது; அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

வாசற்படியில் செருப்பைப் போடும்போது இவர் திரும்பி, எவ்வளவு குறைவு என்று கேட்டார்.

அப்படியெல்லாம் அளவு கிடையாது என்றார் அக்கா.

"அளவு இல்லாத சரக்கை நாங்க விக்க விடமாட்டோம்மா" என்றார் இவர்.

வெறுப்பு எவ்வளவோ மேல் என்று நான் நினைக்கும் காலம் அன்று மாலையே ஆரம்பமானது. வெறுப்புக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. குறைவு என்று வந்துவிட்டால் எடை போட்டுத்தானே ஆக வேண்டும்? அலுவலகத்திலிருந்து பித்தளை வாஷர்கள் ஒரு டப்பா கொண்டுவந்தார். காலையில் கிளம்பும்போது சட்டைப் பையில் வாஷர்கள்; கடவுளை நினைக்கும்போதெல்லாம் ஒன்று வலது கால்சட்டைப் பைக்கு, என்னை நினைக்கும்போதெல்லாம் ஒன்று இடது பைக்கு. மாலையில் வீட்டுக்கு வந்து இரண்டையும் எடை போடுவது. முதல் நாள் இடது பை கிழிந்துவிட்டது. நடந்து வந்த தெருவெல்லாம் வாஷர் சிந்திக்கொண்டே வந்திருக்கிறார்.

தராசில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். தட்டு இரண்டும் சமமாக இல்லை என்ற ஐயம் வந்தால் பொருளையும் படிக்கல்லையும் இடம் மாற்றிப் பார்ப்பது அவர்கள் துறையின் வழக்கம். மறுநாள் கடவுள் இடது பை, நான் வலது பை. வலது பை கிழிந்தது. நான் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர் அந்த இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் அடங்கிவிட்டது. தன் கடைத் தராசிலேயே முத்திரை செல்லாது என்று கண்டுபிடித்த வியாபாரி அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

கடவுள் பக்கத்தைக் கூட்ட முயற்சி செய்தார். விடியற்காலையில் எழுந்து ஜெபம் செய்தார். ஜெபத்தில் என் முழங்கால் வலிக்காகவும் என் மேலதிகாரியின் குணம் திருந்தவும் வேண்டிக்கொண்டார். அந்த வாஷர்கள் எந்தப் பைக்குப் போக வேண்டும் என்று புரியாமல் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார். கூட்ட முடியாவிட்டால் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்து என்னிடமே உதவி கேட்டார். கொஞ்ச நாளைக்குச் சிடுசிடுவென்று இருக்க முடியுமா என்றார். அதற்கு என்னைக் கேட்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். பிடி பிடி என்று பிடித்தேன். குழாயை வேண்டுமென்றே திறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் என் பக்கத்து எடை முன்னைவிட ஏறியிருந்தது. சண்டை போட்ட நாளில் மனிதனுக்கு வேறு எதன் மேல் நினைப்பு ஓடும்?

நான் மறுபடி மாடி ஏறினேன். அணியக்கா தன் கணக்கில் நல்ல வேலைதான் செய்திருந்தார். ஆனாலும் அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. வெறுக்கச் சொன்னபோது முறைப்போடு நின்றிருந்த மனுஷனை இப்போது என்னைக் கிராம் கிராமாகக் குறைக்க வைத்துவிட்டீர்களே என்று கத்தினேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சுக்கலை எல்லாம், சொல்லுகிறவர் சொன்னதற்கு மேல் ஒன்றை நினைக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது என்றார். உங்கள் வீட்டுக்காரரிடம் மேலே எதுவும் இல்லை, எல்லாம் கீழேயே இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று வருத்தப்பட்டார். ஒரு ஏஜெண்ட் வந்து, இந்த மாதிரி சமயத்தில்தான் கணவன் பெயரில் ஒரு பாலிசி எடுக்க வேண்டும் என்று உருக்கமாகத் தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் அவர் காலை மாற்றி வைக்க மறந்துவிட்டார்.

முப்பத்து மூன்றாம் நாள் இவர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். மலைமேல் இருக்கும் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தாராம், உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வருடம். தனியாக.

எதற்கு என்று கேட்டேன்.

"உயரம் போகப் போக எல்லாத்துக்கும் எடை குறையும். கிலோவுக்கு அரை கிராமாவது குறையும். அது இயற்கை" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "வேற வழி தெரியலம்மா" என்றார்.

அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் உண்மையாகவே கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கப் பயந்துகொண்டிருந்தார். நான் உண்மையாகவே தனியாக இருக்கப்போகிறேன். முப்பத்தேழாம் நாள் ஸ்பிரிங் தராசையும் படிக்கற்களையும் வாஷர் டப்பாவையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, முன்சோதனைக்கு இரண்டு நாள் மலைக்குப் போனார். அவர் ஏறிய வண்டிக்கு அறிவிப்பு சொன்னவள் நான்தான். நடைமேடை எண்ணைத் தப்பாகச் சொல்லி அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தொழில் தொழில்தான், சரியாகவே சொன்னேன். இரண்டு நாளும் வீட்டில் குழாயை இறுக்கி மூடினேன். திரும்பி வந்தவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம்.

ஞாயிறு காலை சபை நிறைந்திருந்தது. செய்தி எப்படியோ பரவி, பல் டாக்டர் மற்ற சபைக்காரர்களைக்கூட அழைத்து வந்திருந்தார். அணியக்கா முன்வரிசையில் இருந்தார். நான் கடைசிக்கு முந்தின வரிசையில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் என் கணவரை அழைத்து, கீழ்ப்படிந்தேன் என்ற ஒரு வார்த்தை போதும் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். என் கணவர் சட்டைப் பையிலிருந்து துறையின் ஆய்வு அறிக்கைப் படிவத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

சோதனைக்கு உட்படுத்தப்பட்டது: மனைவி. எண்ணிக்கை: ஒன்று. காலம்: நாற்பது நாள். முறை ஒன்று, நேரடி வெறுப்பு, பலனில்லை. முறை இரண்டு, ஒப்பீட்டு எடை. தட்டு மாற்றிப் பார்த்தும் அதே முடிவு. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்து, முறை மூன்று, உயரம் என்று வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டார். அடுத்ததை வாசிக்காமல் சொன்னார்.

"மலைக்குக் கொண்டுபோன எல்லா எடையும் கொஞ்சம் குறைஞ்சுது. சொன்னபடியே அரை கிராம். இவ மட்டும் குறையல. அங்க போனதும் கூடிட்டா. ரெண்டு நாளும் கூடிக்கிட்டே இருந்தா. அதுக்கு மேல ஏற இந்தப் பக்கம் மலை இல்ல. அதனால மாற்றலைத் திருப்பிக் கொடுத்துட்டேன். நான் தேறல. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அணியக்காவுக்கு மட்டும் முகம் பூரித்துவிட்டது. எழுந்து, சபையோர் கவனிக்க வேண்டும், நம் சகோதரர் இப்போது கையாண்டிருப்பது மிக அரிதான ஒரு அணி, இதன் பெயர் என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். இருபத்து மூன்று வருடம் ஒலிபெருக்கியில் பேசியவள். எனக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"அக்கா, உக்காருங்க. அது அணி இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் மேடையிலிருந்து இறங்கி, எல்லோர் முகத்தையும் தவிர்த்தபடி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் தோற்றுப்போன பையனைப் போல் தோள் தொங்கியிருந்தது. தங்கை நகர்ந்து இடம் விட்டாள்.

"எவ்வளவோ பாத்தேன். முடியல" என்றார் மெதுவாக. "மன்னிச்சுக்கோ."

பரவாயில்லைங்க, விடுங்க என்றேன். அவர் உண்மையாகவே துக்கப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.